அப்பாவின் மூக்கு

சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய மாட்டுத் தோலின் வாடையை முகர்ந்திராதவருக்கு அதைச் சொல்லி விளங்கவைப்பது கடினம். அழுகிய முட்டை, நனைந்த சாக்கு, மூடிவைத்து மறந்துபோன குழம்பு மூன்றும் சேர்ந்தாற்போல முதலில் மூக்கில் ஏறி, பிறகு தொண்டையில் இறங்கி, கடைசியில் நாக்கின் அடியில் ஒரு காரலாக நின்றுவிடும். மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் அது குரோம்பேட்டை ரயில் பாதையைத் தாண்டி, அஸ்தினாபுரத்தில் நாங்கள் இருந்த தெரு வரைக்கும் வரும். மற்ற வீடுகளில் சன்னலைச் சாத்துவார்கள். எங்கள் வீட்டில் சாத்திப் பயனில்லை. எங்களுக்கு அது காற்றில் வரவில்லை, தினமும் மாலையில் சைக்கிளில் வந்தது.

அப்பாவின் பெயர் சவரிமுத்து. நாகல்கேணிப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. சுண்ணாம்புத் தொட்டியிலும் பிறகு தோலைப் பதப்படுத்தும் குரோம் மருந்து சுழலும் பெரிய டிரம்களுக்குப் பக்கத்திலும் வருடக்கணக்காக நின்று அவருடைய கால்கள் ஒரு தனி நிறத்துக்கு வந்திருந்தன. குதிகால்கள் வெண்மையாக வெடித்திருக்கும். நகங்களில் நீலம் பாய்ந்திருக்கும். விரல் இடுக்குகளில் எந்தச் சோப்புக்கும் இளகாத ஒரு பச்சைக் கறை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்தும் நடு அறைக்கு வரமாட்டார். சமையலறையின் பின்கதவை ஒட்டித்தான் சாப்பிட உட்காருவார். அதை நாங்கள் "அப்பா இடம்" என்போம். ஏன் அங்கே என்று யாராவது கேட்டால், "இங்கதான் காத்து வருது" என்பார்.

அவருக்கு மூக்கு செத்துவிட்டது என்பது எங்கள் வீட்டில் எல்லோரும் அறிந்த செய்தி. அம்மாவின் தம்பி ஆரோக்கியம் மாமா, தாம்பரத்தில் துணிக்கடை விற்பனையாளராக இருந்தவர், எந்த விஷயத்திலும் தீர்ப்புச் சொல்லத் தயங்காதவர், அடிக்கடி சொல்வார்: "தோல் வேலைக்குப் போறவனுக்கு ஆறே மாசத்துல மூக்கு செத்துடும்க்கா. மச்சானுக்கு மல்லியும் ஒண்ணுதான், மாட்டுத் தோலும் ஒண்ணுதான்." அப்பா அதை மறுத்ததில்லை. அதனால் நாங்கள் அவர் முன்னால் எதையும் மறைக்கவில்லை. நானும் என் தம்பி தேவாவும் மாலைகளில் "யாரு முதல்ல" என்று ஒரு விளையாட்டு ஆடுவோம். தெருமுனையில் அப்பாவின் சைக்கிள் திரும்புவதற்கு முன்பே வாடையைப் பிடித்து "வந்தாச்சு!" என்று கத்துகிறவருக்கு வெற்றி. கத்திவிட்டு இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடுவோம். அப்பா சைக்கிளை நிறுத்திக்கொண்டே, "இன்னிக்கி யாருடா கெலிச்சது?" என்று சிரித்தபடி கேட்பார். பள்ளியில் தோழிகள் கேட்டால் அப்பா "லெதர் எக்ஸ்போர்ட்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

எங்கள் தெருவின் கோடியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார். ஒருகாலத்தில் வெள்ளை வேட்டியில் மடிப்புக் கலையாமல் நடந்தவர். படுக்கையிலேயே கிடந்து முதுகிலும் இடுப்பிலும் புண் வைத்துவிட்டது. வேலைக்கு வைத்த ஆட்கள் இரண்டு நாளில் நின்றுவிட்டார்கள். வங்கியில் அதிகாரியாக இருந்த அவருடைய மகன் பிரான்சிஸ் சார் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து அப்பாவிடம் பேசிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து அப்பா வேலை முடிந்து வந்து, குளித்து, ஒரு டீ குடித்துவிட்டு, அந்த வீட்டுக்குப் போய்ப் பெரியவரைப் புரட்டிக் கழுவித் துடைத்து, துணி மாற்றிவிட்டு வருவது வழக்கமாயிற்று. இதற்காக அப்பாவை யாரும் உயர்வாகப் பேசி நான் கேட்டதில்லை. "அவருக்கென்னம்மா, வாசனையே தெரியாது. நம்மளால முடியுமா?" என்று பிரான்சிஸ் சாரின் மனைவி கோயில் வாசலில் அம்மாவிடம் சொன்னபோது அம்மாவும் ஆமாம் என்றுதான் தலையாட்டினாள். ஒருவர் செய்கிற நல்ல காரியத்தை அவருடைய உடற்குறையின் கணக்கில் எழுதிவிட்டால், அதைச் செய்யாத மற்றவர்களுக்கு எவ்வளவு நிம்மதி என்பது எனக்கு அப்போது தெரியாது.

இனி சொல்லப்போவது 1994ஆம் ஆண்டுத் தவக்கால நோன்பின்போது நடந்தது. அந்த ஆண்டு, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மார்ச் முப்பத்தொன்றில் வந்தது. இதைப் பழைய நாட்காட்டியில் சரிபார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். மற்றவற்றைச் சரிபார்க்க என்னைத் தவிர வேறு சாட்சி இப்போது தம்பி மட்டுமே.

இயேசு தம் சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் மாலைப் பூசையில் சாமியார் பன்னிரண்டு ஆண்களைப் பீடத்துக்கு முன்னால் உட்காரவைத்து அவர்கள் கால்களைக் கழுவுவது எங்கள் கோயில் வழக்கம். எல்லா வருடமும் ஏறக்குறைய அதே பன்னிரண்டு பேர்தான். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவைக்காரர்கள், ஆசிரியர்கள், ஒரு முன்னாள் ராணுவத்தார், பேரவைச் செயலாளரான பிரான்சிஸ் சார். அவர்கள் வருவதைப் பார்க்க அழகாக இருக்கும். வீட்டிலேயே வாசனைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டி, சிலர் பவுடரும் தடவிக்கொண்டு வருவார்கள். கழுவப்படப்போகும் காலைக் கழுவிக்கொண்டு வருவதில் இருந்த வேடிக்கை எங்கள் யாருக்கும் உறைத்ததில்லை. அந்த ஆண்டு புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாருக்கு மட்டும் உறைத்திருக்க வேண்டும். தெருத்தெருவாகக் கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்த்து "அன்பியம்" என்ற குழுக்கள் அப்போதுதான் உருவாகியிருந்தன. ஒவ்வோர் அன்பியமும் சீட்டுக் குலுக்கி ஒருவரை அனுப்பட்டும் என்று அவர் பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்.

எங்கள் அன்பியத்தின் சீட்டை ஒரு கைக்குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தவர் "சவரிமுத்து" என்று வாசித்ததும் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒரு பெண்மணி, "இன்னொரு தடவ குலுக்கலாமா? அவருக்கு லீவு கெடைக்குமோ என்னமோ" என்றார். "மூணு நாள் லீவு போடறேன்," என்றார் அப்பா. அவர் அவ்வளவு வேகமாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவருடைய முகம் மலர்ந்திருந்தது. அவருக்கு அந்த நாற்காலி வேண்டும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா தரையைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். என் வகுப்புப் பெண்கள் நான்கு பேர் அதே கோயிலுக்கு வருகிறவர்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அப்பா தானே போய் ஒரு வேட்டி வாங்கிவந்தார். பட்டுக்கரை போட்ட வெளிர்மஞ்சள் வேட்டி. அம்மாவின் கவலை வேட்டிக்குக் கீழே இருந்தது.

"இந்தக் கால வச்சுகினு எப்டிய்யா அத்தினி பேர் முன்னாடி உக்காருவ?"

"கால் இருந்தாத்தான உக்கார முடியும்?"

"சிரிக்காத. புள்ளைங்க மானம் போவுது."

புனித வாரம் தொடங்கியதும் அம்மா வேலையைத் தொடங்கினாள். முதல் நாள் எலுமிச்சம்பழமும் உப்பும். அடுத்தது புளி. பிறகு மண்ணெண்ணெய். பிறகு செங்கல் துண்டால் தேய்ப்பு. அப்பா கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, பிள்ளையைப்போல எல்லாவற்றுக்கும் இணங்கினார். "ஊரான் மாட்டுத் தோலெல்லாம் நான் பதம் பண்ணேன். எந்தோல நீ பதம் பண்றியா?" என்று கேட்டு அவரே சிரித்தார். நானும் வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்தேன், அந்தக் கறை போய்விட வேண்டுமே என்று ஜெபித்தபடி. அந்தத் தவக்காலத்தில் நான் மனமுருகிச் செய்த ஜெபம் அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை ஆரோக்கியம் மாமா வந்து பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஆவாதுக்கா. கெணத்துக்குப் போடற பிளீச்சிங் பவுடர் கீதா?" என்றார். இருந்தது. வெந்நீரில் கரைத்து, ஒரு பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அப்பாவின் கால்களை முக்கிவைத்தார்கள். எவ்வளவு போடுவது என்று யாருக்கும் தெரியாததால் நிறையவே போட்டார்கள். "கொஞ்சம் எரியுது" என்று அப்பா சொன்னார். "எரிஞ்சாத்தான் வேல செய்யுதுன்னு அர்த்தம் மச்சான்" என்றார் மாமா. வெளியே எடுத்தபோது கறை பாதி போயிருந்தது. தோலும் போயிருந்தது. மறுநாள் காலையில் கால்கள் வீங்கி, வேகவைத்ததுபோலச் சிவந்து, வெடிப்புகளிலிருந்து நீர் கசிந்தது. அப்பாவால் செருப்பு மாட்ட முடியவில்லை.

அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். அழுதாள் என்று நினைக்கிறேன். ஆனால் அப்போதும், இனி இந்தக் காலோடு எப்படி உட்காரவைப்பது என்பதற்காகவா, அவருக்கு வலிக்கிறதே என்பதற்காகவா என்று எனக்குத் தெரியாது. புதன் மாலை மாமா மறுபடி வந்தார், தன் தவறைச் சரிசெய்கிறவர்போல ஒரு சிறு அத்தர் பாட்டிலுடன். "கால விடுக்கா, வாசன தூக்கலா இருந்தா யாரும் கீழ பாக்க மாட்டாங்க. அசல் மல்லி." அம்மா அதைத் திறந்து அப்பாவின் புது வேட்டியில் தாராளமாகத் தெளித்தாள். "நிறைய போடு, அவருக்கு எங்க தெரியப் போவுது" என்றார் மாமா.

பின்கதவருகே அவருடைய இடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தலையைத் தூக்கி, "மல்லி இல்ல மச்சான் இது. உன்ன ஏமாத்திட்டான். உள்ள மண்ணெண்ண வாட கீது பாரு" என்றார்.

மாமா பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனார். அம்மா வேட்டியை எடுத்து முகர்ந்தாள். உண்மைதான். ஆனால் அத்தர் போலி என்பது அப்போது இருவருக்கும் பெரிதாகப் படவில்லை. முதலில் கேட்டது தேவாதான்.

"அப்பா, உனக்கு வாசன தெரியுமா?"

"மூக்கு கீதே. தெரியாம இன்னா?"

"அப்போ இத்தினி வருசமா..." என்று தொடங்கினாள் அம்மா.

"நீங்கல்லாம் தெரியாதுன்னீங்க. சரி, தெரியாதுன்னே இருக்கட்டும்னு வுட்டேன்," என்றார் அப்பா, யாருடைய தவறும் இல்லை என்பதுபோல. பிறகு காலை மெதுவாக மடக்கிக்கொண்டு சொன்னார்: "எட்மாஸ்டருக்கும் அதான் சவுரியம். நாத்தம் தெரியாதவன் வந்து கழுவறான்னா அவருக்கு வெக்கம் இல்லல்ல? எவ்ளோ பெரிய மனுசன்."

மாமா சாப்பிடாமல் கிளம்பிப் போனார். நான் நடு அறையில் உட்கார்ந்து, கிணற்றடிக் குளியல், பின்கதவு, விருந்தாளிகள் வந்தால் அவர் வெளியே போய் நின்றுகொள்வது, "இங்கதான் காத்து வருது" எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். எங்களுக்கு அடித்த வாடை தினமும் அவருக்கும் அடித்திருக்கிறது. தெருமுனையில் நாங்கள் கத்திய "வந்தாச்சு" என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான், யார் ஜெயித்தது என்று கேட்டிருக்கிறார்.

வியாழன் மாலை அம்மா தானே அவரைக் கைத்தாங்கலாகக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அத்தர் வாடை போக வேட்டியை அலசிக் காயவைத்திருந்தாள். பன்னிருவரின் குடும்பங்களுக்கு இரண்டாம் வரிசையில் இடம் விட்டிருந்ததால் எல்லாவற்றையும் பக்கத்திலிருந்து பார்த்தோம். ஏழாவது நாற்காலி அப்பாவுக்கு. நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த ஆண்டு நாற்காலி கிடைக்காத பிரான்சிஸ் சார், துண்டை ஏந்திக்கொண்டு சாமியாரின் பக்கத்தில் வந்தார். ஒவ்வொரு காலாகக் கழுவித் துடைத்து, அப்பாவிடம் வந்தார்கள். வேட்டிக்குக் கீழே அந்தச் சிவந்த கால்களைப் பார்த்ததும் சாமியாரின் கை நின்றது.

"என்னங்க ஆச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

"கழுவிட்டுதான் வந்தேன் சாமி," என்றார் அப்பா.

சாமியார் நீரை ஊற்றவில்லை. உள்ளங்கையில் எடுத்து எடுத்து வைத்தார். துண்டால் தேய்க்காமல் ஒற்றினார். மற்றவர்களைவிட அதிக நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில்தான் பிரான்சிஸ் சாரின் இடது கை சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைப்பதைப் பார்த்தேன். மூன்று நாளாக அப்பா கம்பெனிப் பக்கம் போகவில்லை. எலுமிச்சையும் சோப்பும் தேங்காய் எண்ணெயும் தவிர அவர்மேல் எந்த வாடையும் இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். கண்ணால் பார்த்துத்தான் அவர் மூக்கை மூடினார். அவர்மேல் எனக்குக் கோபம் பொங்கிவந்தது. அடுத்த கணமே, நானும் அப்பாவைப் பார்த்தபடி இவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதை உணர்ந்தேன்.

மறுநாள் பெரிய வெள்ளி, அப்பாவுக்கு வேலை இல்லை. மாலைவரை காத்திராமல் காலையிலேயே பெரியவர் வீட்டுக்குக் கிளம்பினார். நடக்கச் சிரமப்பட்டதால் வெந்நீர்த் தூக்கை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அந்த அறைக்குள் நான் போனது அதுவே முதல்முறை. கட்டுத் துணியைப் பிரித்ததும் எழுந்த நாற்றத்தில் எனக்குக் கண் இருண்டது. அப்பாவைப் பார்த்தேன். அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது; கண்களில் நீர் கோத்தது. பெரியவரின் பார்வையில் படாதபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, வாயால் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, மறுபடி திரும்பினார். திரும்பிய முகத்தில் ஒன்றுமே இல்லை. "இன்னா எட்மாஸ்டர், ராத்திரி தூக்கம் வந்துச்சா? நேத்து கோயில்ல எங்கால சாமியாரே கழுவனார், தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே கழுவத் தொடங்கினார். பெரியவரின் கோணிய வாயில் ஒரு சிரிப்பு வந்தது. நான் தூக்கை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதற்குப் பிறகு நாங்கள் மாறிவிட்டோம் என்று எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். விளையாட்டு நின்றது, அம்மா அவரை நடு அறைக்குக் கூப்பிட்டாள், அவர் பழக்கம் விடவில்லை என்று சொல்லிப் பின்கதவருகிலேயே இருந்தார். பள்ளி முடிகிற வரைக்கும் அப்பா "லெதர் எக்ஸ்போர்ட்"தான். பெரியவர் அடுத்த மழைக்காலத்தில் இறந்தபோது உடலைக் குளிப்பாட்டியதும் அப்பாதான். அடக்கத்தின்போது பிரான்சிஸ் சார் நன்றி சொன்ன பெயர்களில் அப்பாவின் பெயர் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்பா வேலை பார்த்த இடத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கிறது, எதையும் கொண்டுவருவதில்லை. எங்கள் கிணறு மூடப்பட்டு அதன்மேல் ஒரு கார் நிற்கிறது. கோயில் பளிங்குத் தரையோடு பெரிதாகிவிட்டது, பன்னிரண்டு நாற்காலிகளில் இப்போது பெண்களும் உட்காருகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்களிடம் இங்கே ஒருகாலத்தில் அப்படி ஒரு வாடை இருந்தது என்றால் நம்புவதில்லை.

அப்பா தம் கடைசி மாதங்களில் படுக்கையில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்து, அவருக்கும் முதுகில் புண் வைத்தது. நானும் தேவாவும் சம்பாதிக்கிறவர்கள்; பார்த்துக்கொள்ள ஓர் ஆளை ஏற்பாடு செய்தோம். சேகர் என்று நாற்பது வயதுக்காரர், நல்லவர். முதல் நாள் கட்டைப் பிரித்தபோது அவருடைய முகம் சுருங்கியது. உடனே அதை மறைத்துக்கொண்டு ஒன்றும் இல்லாததுபோலச் சிரிக்க முயன்றார். அப்பா அவருடைய முழங்கையைத் தொட்டார்.

"துணி கட்டிக்கோப்பா. தப்பில்ல. தெரியாத மாதிரி காட்டிக்கறது ரொம்ப கஷ்டம்."

சேகர் தயங்கிவிட்டுத் தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். அப்பா தலையைத் திருப்பினார். அறை வாசலில், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு நான் நின்றிருந்தேன். தலைப்பைக் கீழே இறக்கினேன். உள்ளே போகவில்லை.